கடவுச்சொல்லுக்கு அடுத்த சான்று: ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பு அமைக்கும் முறை

இந்த வழிகாட்டி ஒரே ஒரு கணக்கைப் பற்றியது: உங்கள் ஜிமெயில். வங்கியையும் வாட்ஸ்அப்பையும் விட்டுவிட்டு மின்னஞ்சலிலிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. ரயில் டிக்கெட் எடுக்கும் தளம், பொருள் வாங்கும் கடை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வருமான வரி என்று எங்கே 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினாலும், புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வந்து விழும். மின்னஞ்சல் பறிபோனால் மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாக அதன் பின்னால் போய்விடும். எனவே முதலில் அதைக் காப்பாற்றுங்கள். மற்றவற்றுக்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். உங்கள் போன், முடிந்தால் ஒரு கணினி, ஒரு தாள், ஒரு பேனா. கணினி இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம். தாளும் பேனாவும் கட்டாயம் வேண்டும்.

எதைச் சரிபார்க்கிறார்கள்?

உள்நுழைய முயல்பவர் நீங்கள்தானா என்பதை நேரில் பார்த்துச் சொல்ல அங்கே ஆள் கிடையாது. நீங்கள் காட்டும் சான்றுகளை வைத்தே கணினி முடிவு செய்கிறது. சான்றுகள் மூன்று வகை. உங்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டியது: கடவுச்சொல், பின் எண். உங்கள் கையில் மட்டும் இருக்க வேண்டியது: போன், சிம், ஏடிஎம் அட்டை. உங்கள் உடலோடு இருப்பது: கைரேகை, முகம். இவற்றில் குறைந்தது இரண்டு வெவ்வேறு வகைகளைச் சேர்த்துக் கேட்பதுதான் பலகாரணிச் சரிபார்ப்பு. இரண்டு என்று நிறுத்திக்கொண்டால் இருபடிச் சரிபார்ப்பு என்பார்கள். ஆங்கிலத்தில் வைத்திருக்கும் போனில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்று இருக்கும்.

பெயர் புதிதாக இருக்கலாம், பழக்கம் புதிதல்ல. ஏடிஎம்மில் அட்டையைச் செருகிப் பின் எண்ணை அழுத்தும்போது இதைத்தான் செய்கிறீர்கள். இணையத்தில் அட்டை வழியாகப் பணம் கட்டுவதற்குக் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டு, அது 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஓடிபி கேட்காத இணையக் கடையைக் கண்டால் இந்தியாவில் நமக்குச் சந்தேகம் வருவதற்கு அந்த உத்தரவும் ஒரு காரணம்.

யூபிஐயைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். யூபிஐ செயலியை முதல்முறை திறக்கும்போது உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகவே போகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதைப் பார்த்து, அந்தச் சிம்மையும் அந்தப் போனையும் உங்கள் கணக்கோடு பிணைத்துவிடுகிறார்கள். கையில் இருப்பது என்ற சான்று அன்றோடு பதிவாகிவிட்டது. பிறகு பணம் அனுப்பும்போது நீங்கள் போடும் யூபிஐ பின், தெரிந்தது என்ற சான்று. இப்படி அமைந்திருப்பதால்தான் உங்கள் பின் எண்ணை அறிந்த ஒருவர் தன்னுடைய போனில் அதைப் போட்டு உங்கள் பணத்தை எடுக்க முடிவதில்லை. இன்னொன்றும் இதிலிருந்து விளங்கும்: பணம் உங்கள் கணக்குக்குள் வருவதற்குப் பின் தேவையே இல்லை. 'பணம் வருகிறது, பின் போடுங்கள்' என்று எவர் சொன்னாலும் அது மோசடி.

இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்

என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். ஒரு சான்று பறிபோனாலும் மற்றது பறிபோகாமல் இருந்தால்தான் அவை இரண்டு சான்றுகள். கடவுச்சொல்லையும் அடுத்ததாக ஒரு ரகசியக் கேள்வியையும் கேட்டால் அது இரண்டாகாது. இரண்டுமே மனதில் இருப்பவை, ஒருவரை ஏமாற்றிப் பேசவைத்தால் இரண்டும் வெளியே வந்துவிடும். அட்டையின் பின்புறத்தில் பின் எண்ணை எழுதி வைப்பவர், வாசல் சாவியையும் பீரோ சாவியையும் ஒரே வளையத்தில் கோத்துத் தொலைப்பவரைப் போன்றவர்.

கவனிக்காமல் விட்டால் இதே கோளாறு உங்கள் போனுக்குள்ளும் இருக்கும். ஒரு கணக்கின் இரண்டாவது படி எஸ்எம்எஸ் ஓடிபி. அதே கணக்கின் கடவுச்சொல்லை மாற்றவும் எஸ்எம்எஸ் ஓடிபி போதும் என்று வைத்துக்கொள்வோம். சிம் யார் கையில் இருக்கிறதோ அவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டு, இரண்டாவது படியையும் தானே தாண்டிவிடுவார். வெளியே இரண்டு படி என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்தே தேர்வுகளைச் சொல்லியிருக்கிறேன்.

ஒற்றைச் சான்றை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லலாம். 2021 மே மாதம் தாக்குதலுக்கு உள்ளான கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்தின் கணினிகளுக்குள் தாக்குதல்காரர்கள் புகுந்த வழி, பயன்பாட்டிலேயே இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு (வெளியில் இருந்தபடியே நிறுவனத்தின் கணினிகளுக்குள் நுழைய உதவுவது). அதற்குக் கடவுச்சொல் மட்டுமே காவல். கிழக்குக் கடற்கரைக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் குழாய் பல நாட்கள் நின்றது; நிறுவனம் தாக்குதல்காரர்களுக்கு ஏறத்தாழ 44 லட்சம் டாலர் பணயத்தொகை கட்டியது. அதில் ஒரு பகுதியை அமெரிக்க அரசு பின்னர் மீட்டது.

படி 1: கடவுச்சொல்லையும் மீட்பு விவரங்களையும் சரிசெய்தல்

போனில் ஜிமெயில் செயலியைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். 'மேனேஜ் யுவர் கூகுள் அக்கவுன்ட்' என்பதற்குள் போய், 'செக்யூரிட்டி' பகுதிக்கு வாருங்கள். இனி எல்லா வேலையும் இங்கேதான்.

வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் ஒன்றை முதலில் வையுங்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தால் நீளமாகவும் இருக்கும், நினைவிலும் நிற்கும். அடுத்து, மீட்புக்கான தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பாருங்கள். என்றோ கைவிட்ட எண் அங்கே இருக்கலாம். இது சாதாரண விஷயமல்ல. செயலிழந்த எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு இன்னொருவருக்கு ஒதுக்க இந்திய விதிகள் இடம் தருகின்றன. உங்கள் கணக்கின் மீட்புக் குறியீடு முன்பின் தெரியாத ஒருவரின் போனில் போய் நிற்கும்.

படி 2: குறியீட்டுச் செயலியைச் சேர்த்தல்

'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' என்பதைத் தொடுங்கள். உங்கள் எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வழி கண்ணில் படும். அதைத் தாண்டி 'ஆத்தென்டிகேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து தொலைபேசி எண் கொடுக்காமலே நேரடியாக இதைச் சேர்க்க கூகுள் வழி செய்திருக்கிறது.

இதற்குப் போனில் ஒரு செயலி வேண்டும். கூகுள் ஆத்தென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் ஆகிய இரண்டில் எதுவானாலும் சரி. ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் என்ற கட்டற்ற மென்பொருளும் நன்றாக இருக்கிறது. பிளே ஸ்டோரில் இதே மாதிரிப் பெயரும் படமும் கொண்ட போலிகள் உண்டு. வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பார்த்து நிறுவுங்கள். கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டைச் செயலியால் படம் பிடித்ததும், ஆறு இலக்க எண் ஒன்று தெரியும். அதைக் கூகுள் கேட்கும் இடத்தில் போட்டால் இணைப்பு முடிந்தது. கணினி இல்லாதவர்கள் 'கான்ட் ஸ்கேன் இட்' என்பதைத் தொட்டால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட திறவுகோல் கிடைக்கும்; அதை நகலெடுத்துச் செயலியில் ஒட்டலாம்.

இங்கே கொஞ்சம் நின்று, நடந்தது என்ன என்று பார்ப்போம். இந்த இடம் புரிந்தால் மிச்சமெல்லாம் எளிது. அந்தக் கியூஆர் குறியீட்டுக்குள் இருந்தது ஒரு ரகசிய எண்வரிசை. அது இப்போது இரண்டே இடங்களில் இருக்கிறது: கூகுளிடமும் உங்கள் போனிலும். ஆறு இலக்க எண்ணை யாரும் உங்களுக்கு அனுப்புவதில்லை. இரு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட்டு ஒரே விடைக்கு வருகின்றன. அதற்கு இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த, மாறிக்கொண்டே இருக்கும் இன்னொன்று வேண்டும். அதுதான் நேரம்.

கணினி உலகில் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து, கிரீன்விச் நேரப்படி, விநாடிகளாக எண்ணும் வழக்கம் உண்டு. 2023 நவம்பர் 15, இந்திய நேரம் அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 விநாடிக்கு அந்த எண்ணிக்கை சரியாக 170 கோடியைத் தொட்டது. அதை 30 ஆல் வகுத்தால் 5,66,66,666, மீதி 20. மீதியை விட்டுவிட வேண்டும். 3 மணி 43 நிமிடம் தொடங்கியதிலிருந்து 29 விநாடி வரை எப்போது வகுத்தாலும் இதே ஈவுதான். 30 ஆவது விநாடியில் அது ஒன்று கூடிவிடும். இந்த ஈவையும் ரகசிய எண்வரிசையையும் சேர்த்து, ஒருவழிக் கணக்கு ஒன்றில் போட்டுக் கலக்குகிறார்கள். ஒருவழி என்றால், விடையைப் பார்த்து ரகசியத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. விடையிலிருந்து ஆறு இலக்கங்களை எடுத்துத் திரையில் காட்டுகிறார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண் மாறுவது இதனால்தான்.

ஐஇடிஎஃப் என்ற இணையத் தரநிலை அமைப்பு இந்த முறையை 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற எண்ணில் வெளியிட்டது. எவரும் பின்பற்றலாம் என்பதால்தான் கூகுளின் குறியீட்டை மைக்ரோசாஃப்ட்டின் செயலியும் காட்டுகிறது. சிக்னலும் இணையமும் இல்லாமலே இது வேலை செய்யும். துபாயிலோ சிங்கப்பூரிலோ போய் இறங்கி, ஊர் சிம்முக்கு எஸ்எம்எஸ் வராமல் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் போனின் கடிகாரம் சில நிமிடம் பிசகினாலும் எண் பொருந்தாது. சரியான எண்ணைப் போட்டும் தவறு என்று வந்தால், போன் அமைப்பில் நேரம் தானாக அமையும்படி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். அரை நிமிடத்தில் அத்தனையையும் ஒருவர் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றலாம். சில முறை தவறினாலே தளங்கள் தடுத்துவிடும் என்பதால் அது நடப்பதில்லை.

படி 3: தாளில் எழுத வேண்டியது

போன் தொலைந்தால் செயலியும் தொலையும். புதியவர்கள் தங்கள் கணக்குக்கு வெளியே தாங்களே நிற்கும் நிலைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான். அதே பக்கத்தில் 'பேக்அப் கோட்ஸ்' என்று இருக்கும் காப்புக் குறியீடுகளை எடுங்கள். எட்டு இலக்கம் கொண்ட பத்து எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே செல்லும். புதிய தொகுப்பு எடுத்தால் பழையது செல்லாது.

இவற்றைத் தாளில் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் அதே போனில்தான் இருக்கும், அல்லது அதே கூகுள் கணக்கில்தான் சேமிக்கப்படும். உள்ளே போக முடியாதபோது உள்ளே இருக்கும் படத்தால் பயனில்லை. என் அம்மாவின் குறியீடுகள் வீட்டில் குடும்ப அட்டை இருக்கும் உறைக்குள் இருக்கின்றன. எந்த அவசரத்திலும் அந்த உறை எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தாளில் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். எண்கள் மட்டும் போதும்.

கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரலில் ஒரு வசதி வந்தது: குறியீடுகளைக் கூகுள் கணக்கிலேயே சேமித்து வைக்கலாம். போன் மாற்றும்போது உதவும் என்பதால் மற்ற தளங்களின் குறியீடுகளுக்கு இது நல்லது. ஜிமெயிலுக்கு உரிய குறியீட்டுக்கு மட்டும் இது கைகொடுக்காது. அந்தக் கணக்கைத் திறக்கத் தேவையான எண் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கும். ஆகவே தாள்தான் துணை.

படி 4: பாஸ்கீ

பாஸ்கீ என்பது கடவுச்சொல்லைத் தட்டாமல் போனைக் கொண்டே உள்நுழையும் வழி. செக்யூரிட்டி பகுதியில் 'பாஸ்கீஸ்' என்பதைத் தேடி, உங்கள் சொந்தப் போனில் ஒன்றை உருவாக்குங்கள். ஆண்ட்ராய்டு 9, ஐஓஎஸ் 16 அல்லது அவற்றுக்குப் பிந்தையவை வேண்டும். கைரேகையோ திரைப்பூட்டோ கேட்கும்; காட்டினால் முடிந்தது. நண்பரின் போனிலோ அலுவலகத்தின் பொதுக் கணினியிலோ இதைச் செய்ய வேண்டாம். அந்தக் கருவியைத் திறக்கத் தெரிந்தவர் எவரும் உங்கள் கணக்கையும் திறந்துவிடலாம்.

இப்போதிருக்கும் வழிகளில் எளிய மக்களுக்கு மிகவும் பாதுகாப்பானது இதுவே என்று உறுதியாகச் சொல்வேன். ஓடிபியும் ஆறு இலக்கக் குறியீடும் மனிதர் படித்துச் சொல்லக்கூடியவை. அங்கேதான் அவற்றின் பலவீனம். கூகுள் பக்கம் போலவே இருக்கும் போலிப் பக்கத்தில் நீங்கள் கடவுச்சொல்லையும் குறியீட்டையும் போட்டால், மறுமுனையில் இருப்பவர் அந்த அரை நிமிடத்துக்குள் அவற்றை உண்மையான பக்கத்தில் போட்டு உள்ளே போய்விடுவார். பாஸ்கீயில் படித்துச் சொல்ல எதுவுமே இல்லை. போனில் ஒரு தனித் திறவுகோல் இருக்கிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோல் கூகுளிடம் இருக்கிறது. உள்நுழையும்போது கூகுள் புதிதாக ஒரு எண்ணை அனுப்பும். போன் தன் திறவுகோலால் அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். பொதுத் திறவுகோலை வைத்துக் கூகுள் அதைச் சரிபார்க்கும். எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்த முகவரிக்கு மட்டுமே கையொப்பம் கிடைக்கும். ஓர் எழுத்து மாறிய போலி முகவரியை நம் கண் தவறவிடலாம், உலாவி தவறவிடாது.

கைரேகை கூகுளுக்குப் போகுமா என்று பலர் கவலைப்படுகிறார்கள். போகாது. போனுக்குள் இருக்கும் திறவுகோலைப் பயன்படுத்த அனுமதி கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கையில் இருக்கும் போன், உடலில் இருக்கும் விரல் என்று ஒரே அசைவில் இரண்டு சான்றுகள் நிறைவேறுகின்றன.

எஸ்எம்எஸ் ஓடிபியை என்ன செய்வது?

எதுவும் இல்லாததற்கு எஸ்எம்எஸ் எவ்வளவோ மேல். பல வங்கிகளும் அரசுத் தளங்களும் அதை மட்டுமே தருகின்றன, அங்கே வேறு வழியில்லை. ஆனால் ஜிமெயிலில் குறியீட்டுச் செயலியும் பாஸ்கீயும் தாளும் தயாரானபின் இரண்டாவது படிகளின் பட்டியலிலிருந்து எஸ்எம்எஸ்ஸை நீக்கிவிடலாம். சிங்கப்பூரில் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி பயன்படுத்துவதை, டிஜிட்டல் டோக்கன் (போனில் அமைக்கும் சரிபார்ப்பு வசதி) வைத்திருப்பவர்களுக்குப் படிப்படியாக நிறுத்துவதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள்.

எஸ்எம்எஸ்ஸைத் தவிர்க்க முடியாத இடங்களுக்காகச் சில காரியங்கள். உங்கள் எண்ணுக்கே யாராவது மோசடியாக வேறு சிம் வாங்கினால் உங்கள் போனில் சிக்னல் சட்டென்று அற்றுப்போகும். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் காத்திருக்காமல் வேறு போனிலிருந்து நிறுவனத்தை அழையுங்கள். சிம் மாற்றியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படுவது இந்தியாவில் நடைமுறை. அந்த அவகாசம் உங்களுக்கானது. திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் ஓடிபி கிடைக்காமல் இருக்கச் சிம்முக்கே ஒரு பின் எண் வைக்கலாம். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும் என்பதால், நிறுவனம் தந்த தொடக்க எண் என்ன என்று கேட்டறிந்த பிறகே அதில் கைவையுங்கள். பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடியும் அமைத்துவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்புகள்) தொடவே வேண்டாம். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டு, வருகிற ஓடிபிகளை அப்படியே வெளியே அனுப்பிவிடும். கையில் இருக்கும் போனே மற்றவருக்கும் கண்ணாடியாகிவிட்டால் அது சான்றாக நிற்காது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

நீங்கள் கேட்காமல் வரும் 'ஆம்'

சில சமயம் போனில் 'உள்நுழைய முயல்வது நீங்களா' என்ற கேள்வி வரும். நீங்கள் முயலாதபோது வந்தால் உங்கள் கடவுச்சொல் யாருக்கோ தெரிந்திருக்கலாம். இல்லை என்று அழுத்திவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர் இதைத்தான் பயன்படுத்தினார். ஒப்பந்த ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் கையில் இருந்தது. அனுமதிக் கோரிக்கைகள் திரும்பத் திரும்பப் போயின. ஒரு கட்டத்தில் அந்த ஊழியர் ஒன்றை ஏற்றுவிட்டார். சலிப்பும் தூக்கமும் எவரையும் அந்த இடத்துக்குக் கொண்டுவரும். திரையில் தெரியும் எண்ணைப் போனில் போடச் சொல்லும் முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை உள்ளே போனபின் உலாவியில் குக்கி என்ற அடையாளச் சீட்டு சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி கேட்காமல் இருப்பது அதனால். திருட்டு மென்பொருளோடு வரும் நச்சு நிரல் அந்தக் குக்கியையே அள்ளிக்கொண்டு போனால் எந்த இரண்டாவது படியும் தடுக்காது. 'யுவர் டிவைசஸ்' பட்டியலை அவ்வப்போது பார்த்து, தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள்.

படி 5: சோதனை, பிறகு போன் மாற்றுதல்

எல்லாம் முடிந்ததும், இருக்கும் கணக்கிலிருந்து வெளியேறாமல், கணினியின் உலாவியில் இன்காக்னிடோ சாளரம் (பழைய உள்நுழைவுகளை நினைவில் வைக்காத தனிச் சாளரம்) திறந்து உள்நுழைந்து பாருங்கள். பாஸ்கீ கேட்டால் 'ட்ரை அனதர் வே' என்பதை அழுத்தி, குறியீட்டுச் செயலி வழியாக ஒருமுறை, தாளில் உள்ள எண் ஒன்றின் வழியாக ஒருமுறை என்று சோதியுங்கள். பயன்படுத்திய எண்ணைத் தாளில் அடித்துவிடுங்கள்.

புதிய போன் வாங்கும்போது அவசரப்பட்டுப் பழையதைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் கையில் இருக்கும்போதே புதிய போனில் செயலியை நிறுவி, பழையதிலிருந்து 'டிரான்ஸ்ஃபர் அக்கவுன்ட்ஸ்' வழியாகக் குறியீடுகளை மாற்றிக்கொள்ளுங்கள். புதிய போனில் பாஸ்கீயை உருவாக்குங்கள். மறுபடி இன்காக்னிடோ சாளரத்தில், புதிய போனை மட்டும் வைத்து உள்நுழைந்து பாருங்கள். அது வெற்றி பெற்ற பிறகு, கணக்கின் கருவிப் பட்டியலிலிருந்து பழைய போனை நீக்கி, அதை முழுவதுமாக அழித்துக் கொடுங்கள்.